ஒரே பளிங்கில் மின்னும் காந்தமும்



பள்ளிச் சிறுவர் விளையாட்டாகச் செய்யும் இரண்டு செயல்களை நீங்கள் யாவரும் அறிவீர்கள். எண்ணெய் படாத உலர்ந்த தலைமயிரிற் சீப்பைப் பலமுறை இழுத்துச் சிறு காகிதத் துண்டுகளின் மேலே பிடித்தால், அத்துண்டுகள் துள்ளியெழுந்து சீப்பில் ஒட்டிக்கொள்ளும். இஃது ஒன்று. பழுதடைந்த வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை இரும்புத் தூளிற் புரட்டினால், அத்தூள் காந்தத்தின் ஓரமெங்கும் மீசைபோல் அரும்பி நிற்கும். இது மற்றொன்று. முன்னது மின்னின் செயல். பின்னது காந்தத்தின் செயல். இரண்டும் தொடாமலே இழுக்கின்றன. ஆதலால் இவ்விரண்டிற்கும் ஏதோ உறவு இருத்தல் வேண்டும் என்று சிறுவரும் ஐயுறுவர்; அறிஞரும் நெடுங்காலம் ஐயுற்றனர்.

அவ்வுறவை முதலில் வெளிப்படுத்தியவர் தென்மார்க்கு நாட்டுப் பேராசிரியர் ஏர்ஸ்டெட் என்பவர். மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே வைத்த காந்த ஊசி திரும்புவதை 1820ஆம் ஆண்டிலே அவர் கண்டார். பதினோராண்டுகளின் பின், 1831இல், இங்கிலாந்தின் மைக்கல் பரடே அதன் மறுபக்கத்தைக் காட்டினார். காந்தத்தை அசைத்துக் கம்பிச் சுருளிலே மின்னைப் பிறப்பித்தார். நம் வீட்டுக்கு மின்சாரம் தரும் பெரும் பொறிகளும், தலைக்குமேற் சுழலும் விசிறியும் இவ்விரு கண்டுபிடிப்புகளின் பிள்ளைகளே.

ஆயினும் இவ்வுறவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. மின்னால் காந்தத்தைப் பிறப்பிக்க வேண்டுமாயின் கம்பியில் மின் ஓடிக்கொண்டே இருத்தல் வேண்டும். ஓடும் மின் கம்பியைச் சூடாக்கும். அச்சூடு பெரும்பாலும் வீண்செலவாகும். கணினியும் கைத்தொலைபேசியும் வேலை செய்யும்போது வெதுவெதுப்பாவதை நாம் உணர்கின்றோம். நாம் கொடுக்கும் மின்னின் ஒரு பகுதி பயனின்றி வெப்பமாகக் கழிவதன் அடையாளம் அது. மின்னை ஓடவிடாமலே, ஒரு திண்மப் பொருளின் மீது மின்புலத்தைச் செலுத்திய அளவிலேயே, அப்பொருளின் காந்த ஒழுங்கை மாற்ற இயலுமா? இது கைகூடுமாயின் அவ்வீண்செலவிற் பெரும்பங்கைத் தவிர்க்கலாமன்றோ?

இயலக்கூடும் என்று 1894ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் பியேர் கியூரி கருதினார். பளிங்குகளின் சமச்சீரை ஆராய்ந்து அவர் சொன்ன அக்கருத்து அறுபதாண்டுகளுக்கு மேல் ஏட்டளவிலேயே கிடந்தது. 1959இல் சோவியத்து அறிஞர் சியாலொசின்ஸ்கி, குரோமியம் ஒட்சைட்டில் இவ்விளைவு காணப்படும் எனக் கணித்துக் கூறினார். அடுத்த ஆண்டே அஸ்ரொவ் என்பவர் அதனைப் பரிசோதனையிற் காட்டினார். ஆனால் அவ்விளைவு மிக நுண்ணியது. மேலும், குரோமியம் ஒட்சைட்டின் காந்த ஒழுங்கு ஏறத்தாழ 34 பாகை செல்சியசு வெப்பத்தில் கலைந்துவிடும். நம் ஊர் நண்பகல் வெயிலைத் தாங்காத பொருளைக் கொண்டு கருவி செய்வது எங்ஙனம்?

இங்கேதான் இன்றைய பேச்சின் பொருள் வருகின்றது. பிசுமது, இரும்பு, ஒட்சிசன் என்னும் மூன்றும் சேர்ந்த ஒட்சைட்டு அது. இரசாயனர் அதனைப் பிசுமது பெரைற்று என்பர். ஒரு பிசுமது அணு, ஓர் இரும்பு அணு, மூன்று ஒட்சிசன் அணு என்பது அதன் கணக்கு. இரும்பையும் ஒட்சிசனையும் உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பிசுமதைப் பற்றிச் சில சொற்கள் சொல்லல் வேண்டும்.

பிசுமது ஓர் உலோகம். அணுவெண் 83. ஈயத்தின் அணுவெண் 82 ஆதலால், மூலகங்களின் அட்டவணையில் ஈயத்துக்கு அடுத்த வீட்டில் இருப்பது இதுவே. பார்வைக்கும் கனத்துக்கும் ஈயத்தைப் போன்றமையால் நெடுங்காலம் இரண்டையும் ஒன்றெனவே மயங்கினர். 1753இல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த இளைய ஜெப்ரா என்பவரே இது வேறு உலோகம் எனத் தெளிவாக நிறுவினார். குணத்தில் இரண்டும் பெரிதும் வேறானவை. ஈயம் நஞ்சு, பிசுமதின் சில சேர்வைகளோ வயிற்றுக் கோளாறுக்கு மருந்தாகக் கொடுக்கப்படுகின்றன. பிசுமது 271 பாகையில் உருகும். உருகியது உறையும்போது, நீர் பனிக்கட்டியாகையிற் பருப்பதுபோல், தானும் பருக்கும். காந்தத்தின் அருகே கொண்டுசென்றால் ஒட்டாது, மெல்ல விலகும். காந்தத்தை வெறுக்கும் இவ்வுலோகமும், காந்தத்துக்குப் பேர்போன இரும்பும் ஒரே பளிங்கில் இணைந்து வாழ்வதே நம் கதை.

அப்பளிங்கின் உள்ளமைப்பை மனத்திலே காண முயல்வோம். கனசதுர வடிவமான ஓர் அறையைக் கற்பனை செய்யுங்கள். அறையின் எட்டு மூலைகளிலும் பிசுமது அணுக்கள். நான்கு சுவர், கூரை, தளம் என்னும் ஆறு முகங்களின் நடுவிலும் ஒவ்வோர் ஒட்சிசன் அணு. அறையின் நட்டநடுவில் ஓர் இரும்பு அணு. இத்தகைய அறைகள் மேலும் கீழும் நாற்புறமும் அடுக்கடுக்காகத் தொடர்ந்து சென்றால் அதுவே பளிங்கு. 1839ஆம் ஆண்டில் ஊரல் மலையிலிருந்து கிடைத்த பெரோவ்ஸ்கைற்று என்னும் கனிப்பொருளின் பெயராலேயே இவ்வமைப்பு அழைக்கப்படுகின்றது. ஓரறையின் பக்கநீளம் ஏறத்தாழ 0.4 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கே ஒரு நனோமீற்றர் என்க.

அறை செவ்வையாக இருந்தால் நேரேற்றமும் மறையேற்றமும் ஒன்றையொன்று நடுவிலே ஈடுசெய்துவிடும். பளிங்குக்கு மின்தன்மை இராது. பிசுமது பெரைற்றில் அவ்வாறில்லை. பிசுமது அணுவின் புறத்தே, பிணைப்பிற் கலவாத இரண்டு இலத்திரன்கள் தனித்து நிற்கின்றன. அவை ஒரு பக்கமாக ஒதுங்கி, பிசுமதையும் தன் இடத்திலிருந்து சற்றே நகர்த்திவிடுகின்றன. எல்லா அறைகளிலும் ஒரே திசையில், அறையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் செல்லும் கோட்டின் வழியே, இந்நகர்வு நிகழ்கின்றது. ஆகவே பளிங்கின் ஒரு முனை நேரேற்றமும் மறுமுனை மறையேற்றமும் பெற்று நிற்கும். இதனை முனைவாக்கம் என்பர். வெளியிலிருந்து தக்க மின்புலத்தைச் செலுத்தினால் இம்முனைவாக்கத்தின் திசை திரும்பும். புலத்தை நீக்கினாலும் திரும்பியது திரும்பியபடியே நிற்கும்.

நடுவில் இருக்கும் இரும்பின் வேலை வேறு. ஒவ்வோர் இரும்பு அணுவும் ஒரு சிறு காந்தம். ஆனால் அடுத்தடுத்த அறைகளின் இரும்பு அணுக்கள் ஒன்று வடக்கு நோக்கினால் மற்றொன்று தெற்கு நோக்குவனவாக, எதிரெதிராக நிற்கின்றன. ஒழுங்கு உண்டு, ஆயின் மொத்தக் காந்தவலிமை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இதனினும் நுட்பமான செய்தி ஒன்றும் உண்டு. 1982இல் போலந்து நாட்டு ஆய்வாளர் சொஸ்னோவ்ஸ்காவும் அவருடன் ஆய்ந்தோரும் நியூத்திரன் கதிர்களை இப்பொருளினூடே செலுத்திப் பார்த்தபோது, அச்சிறு காந்தங்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லச் செல்லச் சிறிது சிறிதாகத் திரும்பி, ஏறத்தாழ 62 நனோமீற்றர் தூரத்தில் ஒரு முழுச்சுற்றை முடிப்பதைக் கண்டனர். எஞ்சியிருக்கக்கூடிய சிறிய காந்தவலிமையையும் இச்சுழற்சி ஈடுசெய்துவிடுகின்றது.

மின்னொழுங்கும் காந்தவொழுங்கும் ஒருங்கேயுள்ள பொருள்கள் ஏன் இத்துணை அரியன என்பதை 2000ஆம் ஆண்டில் நிக்கொலா ஸ்பால்டின் என்னும் அறிஞர் விளக்கினார். இவ்வகைப் பளிங்குகளில் பொதுவாக நடு அணுவே நகர்ந்து முனைவாக்கத்தைத் தரும். அதற்கு அவ்வணுவின் குறித்த இலத்திரன் ஓடு வெறுமையாக இருத்தல் நலம். காந்தத்தன்மைக்கோ அதே ஓட்டில் இலத்திரன்கள் ஓரளவு நிறைந்திருத்தல் வேண்டும். ஒரே பாத்திரம் ஒரே வேளையில் வெறுமையாகவும் நிறைந்தும் இருப்பது எவ்வாறு? பிசுமது பெரைற்று இச்சிக்கலைத் தொழிற்பிரிவினால் தீர்த்துக்கொள்கின்றது. மின்வேலை மூலையிலுள்ள பிசுமதினுடையது. காந்தவேலை நடுவிலுள்ள இரும்பினுடையது. அன்றியும் இவ்விரு ஒழுங்குகளும் வெப்பத்தை நன்கு தாங்குவன. காந்தவொழுங்கு ஏறத்தாழ 370 பாகை செல்சியசு வரையிலும், மின்னொழுங்கு ஏறத்தாழ 830 பாகை வரையிலும் நிலைக்கும். நம் வீட்டு மேசையின் மீது வைத்த நிலையிலேயே இரண்டும் உடைய பொருள்கள் மிகச் சிலவே. அவற்றுள் முதன்மையானது இது.

இனி, இதனை ஆக்கும் முறையைப் பார்ப்போம். பழைய முறை, கேட்பதற்கு மிக எளிது. பிசுமது ஒட்சைட்டு மஞ்சள் நிறத்தூள். இரும்பு ஒட்சைட்டு, துருவின் நிறமுடைய செந்தூள். 466 கிராம் முன்னதற்கு 160 கிராம் பின்னது என்னும் விகிதத்திற் சேர்த்து, நன்றாக அரைத்து, அழுத்தி வில்லையாக்கி, 800 பாகைக்கு மேற்பட்ட சூளையிற் சுட வேண்டும். இதன்படி 1950களின் பிற்பகுதியில் ஜேர்மனியிலும் சோவியத்து நாட்டிலும் இப்பொருளை ஆக்கினர்.

கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அன்று. பிசுமது ஒட்சைட்டு 817 பாகையிலேயே உருகிவிடும். சூட்டிற் பிசுமதின் ஒரு சிறுபகுதி ஆவியாகியும் போய்விடும். பிசுமது குறைந்த இடத்தில், இரண்டு பிசுமதுக்கு நான்கு இரும்பாக அமைந்த வேறொரு சேர்வை தோன்றும். பிசுமது மிகுந்த இடத்தில், இருபத்தைந்து பிசுமதுக்கு ஓர் இரும்பாக அமைந்த மற்றொரு சேர்வை தோன்றும். வயலில் நெல்லோடு களை முளைப்பதுபோல், வேண்டிய பொருளோடு வேண்டாத இவ்விரண்டும் கலந்துவிடுகின்றன. ஐதான நைத்திரிக்கமிலத்திற் கழுவி இம்மாசை நீக்கும் முறையை 1967இல் வெளியிட்டனர். மாசு குறைந்ததே தவிர முற்றாக நீங்கவில்லை.

பிற்காலத்தில், கடுஞ்சூடு தேவைப்படாத முறைகள் தோன்றின. அவற்றுள் ஒன்று, சமையலறைக்கு அயலானதன்று. பிசுமது நைத்திரேற்றையும் இரும்பு நைத்திரேற்றையும் நைத்திரிக்கமிலம் கலந்த நீரிற் கரைப்பர். வெறும் நீரிற் கரைத்தாற் பிசுமது வெண்படிவாக விழுந்துவிடும். ஆதலால் அமிலம் வேண்டும். இக்கரைசலிலே தாத்தாரிக்கமிலத்தையோ சித்திரிக்கமிலத்தையோ சேர்ப்பர். புளியின் புளிப்புக்குக் காரணம் முன்னது. தேசிக்காயின் புளிப்புக்குக் காரணம் பின்னது. இவ்வமிலங்கள் பிசுமதையும் இரும்பையும் அணுவணுவாகப் பற்றிப் பிரியாமற் காக்கும். நீர் வற்ற வற்றக் கரைசல் கூழாகி, பின் உலர்ந்து தூளாகும். அத்தூளை ஏறத்தாழ 600 பாகையிற் சுட்டாலே போதும். நுண்ணிய பிசுமது பெரைற்றுத் துணிக்கைகள் கிடைக்கும். தூள்களை அம்மியில் அரைத்துக் கலப்பதற்கும், நீரிற் கரைத்துக் கலப்பதற்கும் உள்ள வேறுபாடே இதன் வெற்றிக்குக் காரணம். மற்றொரு முறையிற் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலோடு சேர்த்து, மூடிய உருக்குப் பாத்திரத்தில் 200 பாகையளவிற் சூடாக்கி, உயர்ந்த அமுக்கத்திலே பளிங்காக விளையச் செய்வர். நம் அடுக்களை அமுக்கப் பாத்திரத்தின் வலிய தமையன் அது எனலாம்.

நேயர்களே, இனி நான் சொல்லப்போவதே இக்கதையின் உயிர்நிலை. இப்பொருளின் முனைவாக்கம் எவ்வளவு என்பதை அளக்க முயன்றவர்களின் வரலாறு அது.

1970இல் அமெரிக்காவில் மூவர் பிசுமது பெரைற்றுப் பளிங்கு ஒன்றைத் திரவ நைத்திரசனின் கடுங்குளிரில் வைத்து அளந்தனர். சதுர சதமமீற்றருக்கு 6.1 மைக்கிரோ கூலோம் என்பது அவர்கள் பெற்ற விடை. நன்கறியப்பட்ட பேரியம் தைத்தனேற்று என்னும் பொருளுக்கு அறை வெப்பநிலையில் 26 அளவு உண்டு. அதனோடு ஒப்பிட்டால் நம் பொருளுக்கு நாலில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வெண்ணைக் கண்ட உலகம் இப்பொருளைப் பெரிதாக மதிக்கவில்லை. ஏறத்தாழ முப்பதாண்டுகள் இது ஆய்வேடுகளின் மூலையிலே கிடந்தது.

அவ்வளவீடு பொய்யன்று. அளந்தவர்கள் கவனக்குறைவானவர்களும் அல்லர். குறை அக்காலத்துப் பளிங்கில் இருந்தது. உள்ளே மாசும், ஒட்சிசன் இல்லாத வெற்றிடங்களும் இருந்தமையால் மின் அதனூடே கசிந்தது. முனைவாக்கத்தைத் திருப்ப வலிய மின்புலம் வேண்டும். கசியும் பளிங்கில் அத்துணை வலிய புலத்தை நிறுத்த முடியாது. ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றி, நின்ற நீரை அளந்து, குடத்தின் கொள்ளளவு இவ்வளவே என்று எழுதியது போலாயிற்று.

2003ஆம் ஆண்டில் நிலைமை மாறியது. அப்போது அமெரிக்காவின் மேரிலன்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நடத்திய இராமமூர்த்தி இரமேஷ் என்பவரின் குழுவினர் இப்பொருளை மிக மெல்லிய படலமாக ஆக்கினர். இவர் மதராஸ் பல்கலைக்கழகத்திலே இரசாயனமும், பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலே உலோகவியலும் பயின்றவர். படலம் ஆக்கிய முறையைக் கேளுங்கள். காற்றகற்றிய அறையொன்றிலே சிறிதளவு ஒட்சிசனை விடுவர். பிசுமது பெரைற்று வில்லையின் மீது லேசர் ஒளியைத் துடிப்புத் துடிப்பாகப் பாய்ச்சுவர். ஒவ்வொரு துடிப்பிலும் வில்லையின் மேற்பரப்பிலிருந்து சிறிது பொருள் ஆவியாகச் சிதறி, எதிரே சூடாக்கி வைத்த ஸ்ரொன்சியம் தைத்தனேற்றுப் பளிங்கின் மேற்படியும். கீழேயுள்ள பளிங்கின் அணுவரிசையைப் பின்பற்றியே மேலே விழும் அணுக்களும் வரிசைகொள்ளும். அழகான கையெழுத்தின் மேல் எழுதிப் பழகும் சிறுவனின் எழுத்தும் அழகாவது போன்றது இது. படலத்தின் தடிப்பு 50 முதல் 500 நனோமீற்றர் வரை.

இப்படலத்திற் பெற்ற முனைவாக்கம், பழைய எண்ணிலும் ஏறத்தாழப் பத்து மடங்கு. படலத்தின் சிறப்பினால் வந்த பெருக்கமோ இது என்று பலர் ஐயுற்றனர். 2007இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் மின் கசியாத மிகத் தூய தனிப்பளிங்குகளை வளர்த்து அளந்தனர். முனைவாக்கத்தின் திசை வழியே கணக்கிட்டால் சதுர சதமமீற்றருக்கு ஏறத்தாழ 100 மைக்கிரோ கூலோம். ஆகவே அப்பெருக்கம் படலம் தந்த கொடையன்று. இப்பொருளுக்கு ஆதியிலிருந்தே உரிய இயல்பு. 1970இலும் அது நூறாகவே இருந்தது. வெளிப்படத்தான் முடியவில்லை.

கதையின் மறுபாதியையும் சொல்லாவிட்டால் நான் நேர்மை தவறியவனாவேன். அதே 2003ஆம் ஆண்டு ஆய்விலே, மெல்லிய படலத்துக்கு வலிய காந்தத்தன்மையும் உண்டு என்று கூறப்பட்டது. 2005இல் வேறு ஆய்வாளர்கள் அதனை மறுத்தனர். அவர்கள் ஆக்கிய படலங்களிற் காந்தவலிமை மிகச் சிறிதாகவே காணப்பட்டது. படலத்தோடு கலந்து வளர்ந்த இரும்பு ஒட்சைட்டு மாசே வலிய காந்தத்தைக் காட்டக்கூடும் என்பதும் அதே ஆண்டிற் பரிசோதனையாற் புலப்பட்டது. பாருங்கள்: மாசு, இருந்த பெருமையை ஒருமுறை மறைத்தது, இல்லாத பெருமையை மற்றொரு முறை காட்டியது. இரண்டையும் திருத்தியது ஒன்றே: இன்னும் தூயதாக ஆக்கி, இன்னும் ஒருமுறை அளப்பது.

இப்பொருளால் விளையும் பயன்கள் எவை என்று நீங்கள் வினவலாம். முதலாவது, நான் தொடக்கத்திற் சொன்ன கணினி நினைவகம். 2006ஆம் ஆண்டில், மின்புலத்தால் முனைவாக்கத்தைத் திருப்பினால் காந்தவொழுங்கின் திசையும் கூடவே மாறுவதைப் படலங்களிற் கண்டனர். 2014இல் கோர்னெல், பேர்க்கிலி ஆய்வாளர்கள் பிசுமது பெரைற்றின் மேல் மெல்லிய காந்த உலோகப் படலம் ஒன்றைப் படியவைத்து, அறை வெப்பநிலையிலே, மின்னழுத்தத்தினால் மாத்திரம் அவ்வுலோகத்தின் காந்தத்திசையைத் தலைகீழாக்கிக் காட்டினர். கியூரியின் எண்ணம் நூற்றிருபது ஆண்டுகளின் பின் நம் வீட்டு வெப்பநிலையிலே நிறைவேறியது. எனினும் இஃது ஆய்வுகூடச் சாதனையே; கடையில் விற்கும் கணினிக்குள் இன்னும் புகவில்லை. பல கோடி முறை திருப்பினாலும் பழுதுபடாத படலத்தை ஆக்குவதே இன்றைய போராட்டம்.

இரண்டாவது பயன், ஈயத்தை அகற்றுவது. அழுத்தினால் மின் தருவதும், மின் கொடுத்தால் அதிர்வதுமான பொருள்கள் பல கருவிகளில் உள்ளன. வைத்தியசாலையிற் கருவிலுள்ள சிசுவைக் காட்டும் கருவியின் முனையில் அதிர்வதும் இத்தகைய பொருளே. இவற்றிற் பெரும்பாலானவை ஈயமும் சிர்க்கோனியமும் தைத்தேனியமும் சேர்ந்த ஒட்சைட்டினால் ஆனவை. அதன் நிறையிற் பாதிக்கு மேல் ஈயம். பழுதான கருவி குப்பைமேட்டை அடையும்போது அந்நஞ்சு மண்ணையும் நீரையும் அடையக்கூடும்; சிறுவரின் மூளைவளர்ச்சிக்கு ஈயம் பகை. அதன் இடத்திலே பிசுமது பெரைற்றையும் பேரியம் தைத்தனேற்றையும் கலந்த பொருளைக் கொணர முயல்கின்றனர். உயர்ந்த வெப்பத்திலும் வேலைசெய்வது இக்கலவையின் தனிச்சிறப்பு. அட்டவணையில் ஈயத்தின் அடுத்த வீட்டுக்காரன், ஈயத்தின் வேலையை ஈயத்தின் நஞ்சின்றிச் செய்ய வருகின்றான்.

மூன்றாவது, ஒளியைப் பயன்படுத்துவது. பிசுமது பெரைற்று சூரிய ஒளியின் நீலம், ஊதாப் பகுதியை உறிஞ்சும். 2009இல், ஒளிபட்டால் இதிலே மின் பிறப்பதையும், முனைவாக்கத்தைத் திருப்பினால் அம்மின்னின் திசையும் திரும்புவதையும் கண்டனர். ஆனால் ஒளியின் சிறுபகுதியையே உறிஞ்சுவதால், வீட்டுக் கூரையில் வைக்கும் சூரிய மின்கலங்களோடு இது போட்டியிடும் நிலையில் இல்லை. இதே ஒளியுறிஞ்சும் இயல்பினால், நுண்துணிக்கைகளாக நீரில் இட்டு வெளிச்சத்தில் வைத்தால், நெசவாலைக் கழிவிலுள்ள சாயங்கள் சிலவற்றை இது சிதைக்கின்றது. துணிக்கை 62 நனோமீற்றரிலும் சிறிதாயின், நான் முன்பு சொன்ன காந்தச் சுழற்சிக்கு முழு இடம் கிடையாமல் அது தடைப்படும்; ஈடுசெய்யப்படாத காந்தவலிமை சிறிது தலைகாட்டும். உருவத்தைச் சிறிதாக்கினால் குணமும் மாறும் என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

நேயர்களே, நான் கலைப்பட்டதாரி. விஞ்ஞானம் கற்பித்தவன் அல்லன். இப்பொருளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியது என் பாடசாலை மாணவி ஒருத்தி கேட்ட கேள்வியினால். படித்து முடித்தபோது என் மனத்தில் நின்றது, 1970ஆம் ஆண்டின் அந்த 6.1 என்னும் எண்ணே.

நான் இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில், ஒரு சிறுவனின் தேர்ச்சியறிக்கையிலே, ‘கிரகிக்கும் ஆற்றல் குறைவு’ என்று என் கைப்பட எழுதினேன். மூன்று தவணைப் பரீட்சைகளின் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தே எழுதினேன். கணக்கிற் பிழை இல்லை. அடுத்த ஆண்டு அவனுக்கு மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள். கரும்பலகையில் எழுதியதை அவன் அதற்குமுன் ஒருநாளும் தெளிவாகக் கண்டதில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. நான் அளந்தது அவனுடைய ஆற்றலை அன்று, அவன் கண்ணை. அவ்வறிக்கையை நான் மீளப்பெற்றுத் திருத்தவில்லை. அக்காலத்தில் அஃது ஒரு கடமையாக எனக்குத் தோன்றவில்லை.

விஞ்ஞானிகள் தம் அறிக்கையைத் திருத்தினர். அதற்கு முப்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று, எனினும் திருத்தினர். பிசுமது பெரைற்று அத்தனை ஆண்டுகளும் பொறுத்திருந்தது. கல்லுக்குப் பொறுமை உண்டு. பாடசாலைப் பிள்ளைக்கோ சில வகுப்புகளே உண்டு. ஆதலால் புள்ளி குறைந்த ஒரு பிள்ளையைக் காணும்போது, இவ்வெண் பிள்ளையைச் சொல்கின்றதா, பிள்ளையைச் சூழ்ந்த ஏதோ ஒரு குறையைச் சொல்கின்றதா என்று, இன்னும் ஒருமுறை அளந்து பார்க்குமாறு என்னுடன் பணியாற்றும் இளம் ஆசிரியர்களை இப்போதெல்லாம் நான் கேட்டுக்கொள்கின்றேன். இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோரிடமும் அதனையே வேண்டுகின்றேன்.